வார்டு எல்லை வரைவும் சட்டமும்: கார்டன் ரீச்சிலிருந்து சில கருத்துகள்

(கார்டன் ரீச்சில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உள்ளாட்சித் தேர்தல் என்றதும் நம் கிளைகள் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கின்றன, வாக்குச்சாவடி முகவர்களைத் தேர்வு செய்கின்றன, துண்டறிக்கை அச்சிடுகின்றன. இவையெல்லாம் தொடங்குமுன்பே ஒரு வேலை முடிந்துவிடுகிறது. எந்தத் தெரு எந்த வார்டில் சேரும், எந்தக் குடியிருப்பு எந்த இடத்தில் வெட்டப்படும் என்று முடிவு செய்யும் வேலை அது. அலுவலக அறையில், வரைபடத்தின் மீது, ஆரவாரமின்றி நடக்கிறது. வாக்கின் எடையில் பாதி அங்கேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றித் தமிழகம் முழுவதும் விவாதம் நடப்பதைத் தோழர்கள் அறிவீர்கள். அது மாநிலங்களுக்கு இடையேயான பங்கு பற்றிய பிரச்சினை. இன்று நாம் பேசப்போவது வேறு. ஒரே நகருக்குள், ஒரே மாநகராட்சிக்குள், வார்டுகளின் எல்லை எவ்வாறு வரையப்படுகிறது, அதில் சட்டம் எங்கே நமக்குத் துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதே பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்டு எல்லை அரசிதழில் இறுதியாகிவிட்டால், அதை நீதிமன்றத்தில் மாற்றுவது மிகக் கடினம். வரைவு வெளியாகும் நாளிலிருந்து ஆட்சேபணைக்கான கெடு முடியும் நாள் வரையில்தான் நமக்குக் களம் இருக்கிறது. அந்தச் சில நாட்களுக்கான தயாரிப்பைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

கார்டன் ரீச் கண்ட எல்லைகள்

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதியே இதற்கு நல்ல சான்று. ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் கப்பல் கட்டும் தளம், அருகிலேயே கிதிர்ப்பூர் துறைமுகம், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், மெட்டியாபுரூஸின் தையல் கூடங்கள் என உழைப்பால் உருவான பகுதி இது. கார்டன் ரீச் ஒரு காலத்தில் தனி நகராட்சி. சுரேந்திரநாத் பானர்ஜி கொண்டுவந்த 1923ஆம் ஆண்டின் கல்கத்தா நகராட்சிச் சட்டம், காசிப்பூர், சித்பூர், மாணிக்தலா பகுதிகளோடு கார்டன் ரீச்சையும் கல்கத்தா மாநகராட்சியில் இணைத்தது. பின்னர் கார்டன் ரீச் மட்டும் மீண்டும் பிரிக்கப்பட்டுத் தனி நகராட்சியானது.

இரண்டாவது இணைப்பு இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் நடந்தது. 1980ஆம் ஆண்டின் கல்கத்தா மாநகராட்சிச் சட்டம் 1984 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஜாதவ்பூர், தெற்குப் புறநகர், கார்டன் ரீச் ஆகிய மூன்று நகராட்சிகளும் மாநகராட்சிக்குள் வந்தன. 100 ஆக இருந்த வார்டுகள் 141 ஆயின. 1972 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாதிருந்த இந்நகரில், 1985இல் இந்த 141 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. ஜனநாயகம் மீண்டது, புறநகர் உழைப்பாளிகளுக்கு மாநகரின் வருவாயில் உரிமை கிடைத்தது. இவை பெருமைக்குரியவை.

ஆனால் எந்த இணைப்புக்கும் இன்னொரு பக்கம் உண்டு. தனக்கென நகர்மன்றம் வைத்திருந்த கார்டன் ரீச், 133 முதல் 141 வரையிலான ஒன்பது வார்டுகளாக, 15ஆவது பரோவாக மாறியது. 141 பேர் கொண்ட மாமன்றத்தில் ஒன்பது குரல்கள். 2012இல் ஜோகா பகுதியின் இரு கிராம ஊராட்சிகள் சேர்க்கப்பட்டு மொத்தம் 144 ஆனபின் இந்த விகிதம் மேலும் சற்றே குறைந்தது. சட்டமன்ற எல்லையிலும் கார்டன் ரீச் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 133, 134, 135 ஆகிய வார்டுகள் கொல்கத்தா துறைமுகத் தொகுதியில், அதன் வழியே கொல்கத்தா தெற்கு மக்களவைத் தொகுதியில் உள்ளன. 136 முதல் 141 வரையிலானவை மெட்டியாபுரூஸ் தொகுதியில், அதன் வழியே டைமண்ட் ஹார்பர் மக்களவைத் தொகுதியில் உள்ளன. ஒரே வடிகாலுக்காகப் போராடும் மக்கள் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் மனு கொடுக்க வேண்டியுள்ளது.

வார்டு என்பது வாக்குக்கான கோடு மட்டுமன்று. குடிநீர், குப்பை, கட்டட அனுமதி, மேற்பார்வை எல்லாம் வார்டு வழியாகவே நடக்கின்றன. 2024 மார்ச்சில் 134ஆவது வார்டில், அனுமதியின்றி எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் அருகிலிருந்த குடிசைகள் மீது சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய கட்டடங்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தேடும் முதல் இடம் வார்டுதான். மாமன்ற உறுப்பினர் ஒருவர் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது ஏட்டுக் கணக்கன்று. உயிர் பற்றிய கணக்கு.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசியல் சட்டத் திருத்தமே நகர உள்ளாட்சிக்கு அடிப்படை. 243ஆர் பிரிவு, நகராட்சிப் பகுதி வார்டுகளாகப் பிரிக்கப்பட வேண்டும், உறுப்பினர்கள் நேரடித் தேர்தலில் வர வேண்டும் என்கிறது. மக்கள் தொகை என்பது, இறுதியாக நடந்து விவரங்கள் வெளியான கணக்கெடுப்பின்படியானது என 243பி பிரிவு வரையறுக்கிறது. 243எஸ் பிரிவு, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கிராம ஊராட்சிகளுக்கான 243சி பிரிவு, தொகுதியின் மக்கள் தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எங்கும் சமமாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கட்டளையிடுகிறது. நகராட்சிக்கான 243ஆர் பிரிவில் அந்த வாசகம் இல்லை. நகர வாக்காளரின் சமத்துவத்தை மாநிலச் சட்டத்திலும் விதிகளிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. அங்கும் கிடைக்காவிட்டால், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 14ஆவது பிரிவின் பொதுக் கோட்பாட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமத்துவம் ஏன் முக்கியம்? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்லண்ட் என்ற மாவட்டம் உண்டு. அதன் நிர்வாகக் குழுவுக்கு நான்கு தொகுதிகள். நகரம் அடங்கிய ஒரு தொகுதியில் 67,906 பேர். மற்ற மூன்றிலும் முறையே 852, 414, 828 பேர். ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர். சில நூறு நிலவுடைமைக் குடும்பங்கள் ஒரு நகரத்தையே ஆண்டன. 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சம மக்கள் தொகை என்ற விதி உள்ளாட்சிக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் நகராட்சிகளுக்கு இவ்வளவு தெளிவான அளவுகோல் அரசியல் சட்டத்தில் எழுதப்படவில்லை.

கொல்கத்தாவின் நிலையைப் பாருங்கள். 2001இல் மாநகராட்சியின் மக்கள் தொகை 45.73 லட்சம், 2011இல் 44.97 லட்சம். அன்றிருந்த 141 வார்டுகளுக்குச் சராசரியாக வார்டுக்கு ஏறத்தாழ 31,900 பேர். மொத்தத் தொகை குறைந்திருப்பதால் எல்லையைத் தொட வேண்டியதில்லை என்று தோன்றலாம். சராசரி என்பது மறைக்கும் திரையும் ஆகும். நகர மையத்தில் வீடுகள் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறும்போது அங்கே மக்கள் குறைகின்றனர். வாடகை குறைவான ஓரங்களில் உழைப்பாளிகள் நெருக்கமாகக் குடியேறுகின்றனர். ஒரு வார்டில் 20,000 பேரும் இன்னொன்றில் 40,000 பேரும் இருந்தால், இரண்டாவது வார்டின் தொழிலாளியின் வாக்கு முதலாவதில் பாதி எடையே பெறும்.

யார் வரைவது என்பதையும் அரசியல் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 243இசட்ஏ பிரிவு, வாக்காளர் பட்டியல் தயாரிப்பையும் தேர்தல் நடத்துவதையும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. எல்லை வரைவை அது குறிப்பிடவில்லை. மாநிலங்கள் தத்தம் சட்டப்படி செய்கின்றன. கேரளத்திலும் தமிழகத்திலும் இதற்கென மறுவரையறை ஆணையம் உண்டு. பொதுவாக, ஆளும் கட்சியின் அமைச்சகத்தின் பிடியிலிருந்து இந்த வேலை எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவு நல்லது. 2013இல் மேற்கு வங்க ஊராட்சித் தேர்தலில் பாதுகாப்பு ஏற்பாடு குறித்து மாநிலத் தேர்தல் ஆணையமே அரசுக்கு எதிராக நீதிமன்றம் சென்றதை இங்குள்ள தோழர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆணையம் சுயேச்சையாக நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

நீதிமன்றக் கதவு

இனி முக்கியமான தடைக்கு வருவோம். 243இசட்ஜி பிரிவு இரண்டு கட்டளைகளை இடுகிறது. வார்டு எல்லை வரைவு, இட ஒதுக்கீடு பற்றிய சட்டம் செல்லுமா என்ற கேள்வியை எந்த நீதிமன்றத்திலும் எழுப்பக் கூடாது. நகராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு மூலமாகவன்றி வேறு வழியில் எதிர்க்கவும் கூடாது. 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில், மறுவரையறை ஆணை அரசிதழில் வெளியானதும் சட்டத்தின் வலிமை பெறுகிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1990களில் உத்தரப் பிரதேச உள்ளாட்சி வழக்குகளிலும் இதே போக்கு தொடர்ந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் வழக்குப் போட்டால் தேர்தலே நடக்காது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மையும் உண்டு.

கதவு முழுவதும் மூடப்படவில்லை. 2024 ஜூலையில் கிஷோர்சந்திர ரத்தோட் வழக்கில், மறுவரையறை ஆணை வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமானது, அரசியல் சட்ட விழுமியங்களுக்கு ஒவ்வாதது எனில் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கிராமப் பகுதி நகரப் பகுதியாக மாற்றப்படும்போது அங்கு வாழ்வோர் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதை 1987ஆம் ஆண்டின் பல்தேவ் சிங் வழக்குத் தீர்ப்பு ஏற்றிருக்கிறது. ஜோகா போன்ற இணைப்புகளின்போது நினைவில் கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

ஆயினும் இந்த இடுக்கு மிகச் சிறியது. அதன் வழியே நுழைய விரும்புவோர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். உரிய காலத்தில், உரிய அலுவலரிடம், ஆதாரத்தோடு ஆட்சேபணை கொடுத்தோம், அது பரிசீலிக்கப்படவில்லை என்பதைக் காட்டும் தாள் அது. ஆட்சேபணை கொடுக்காமல் மௌனமாயிருந்துவிட்டுப் பிறகு அநீதி என்று முறையிடுவோரை நீதிமன்றம் எளிதில் செவிமடுப்பதில்லை.

எல்லையைக் காட்டித் தேர்தலை நிறுத்துதல்

எல்லை வரைவில் இரண்டு விதமான அநீதிகள் உண்டு. ஒன்று, கோட்டை வளைப்பது. மற்றொன்று, கோடு இன்னும் முடியவில்லை என்று சொல்லித் தேர்தலையே நடத்தாமலிருப்பது. இரண்டாவதன் சான்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஹவுரா மாநகராட்சிக்கு 2013இல் தேர்தல் நடந்தது. 2015இல் பாலி நகராட்சி அதனோடு இணைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2021 நவம்பரில் பாலியை மீண்டும் பிரிக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் அது நின்றது. 2022 பிப்ரவரியில் பிதான்நகர், சந்தன்நகர், ஆசன்சோல், சிலிகுரி மாநகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது ஹவுரா விடுபட்டது. சேர்த்ததும் பிரித்ததும் அரசுகளின் வேலை. பல ஆண்டுகள் பிரதிநிதியின்றி வரி கட்டியது மக்கள்.

மும்பையிலும் இதே கதை. 227 ஆக இருந்த வார்டுகளை ஓர் அரசு 236 ஆக்கியது. அடுத்து வந்த அரசு 2022இல் மீண்டும் 227 ஆக்கியது. இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டு வழக்கும் சேர்ந்துகொள்ள, 2022 மார்ச்சில் காலம் முடிந்த மாநகராட்சி மூன்றாண்டுகளுக்கு மேல் அதிகாரிகள் கையில் இருந்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு உள்ளாட்சித் தேர்தலை நடத்தக் கெடு விதித்தது. தமிழகத்தில் 2016 அக்டோபரில் முடிந்த நகர உள்ளாட்சிகளின் காலத்துக்குப் பின், 2022 பிப்ரவரி 19இல்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். அங்கே மாகாண சபைத் தேர்தல் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றது. அதன்பின் வடக்கு, கிழக்கு உட்பட மாகாண சபைகள் தேர்தலின்றிப் பல ஆண்டுகள் கிடந்தன.

இங்கே சட்டம் நம் பக்கம் வலுவாக நிற்கிறது. 243யூ பிரிவு, நகராட்சியின் காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன் அடுத்த தேர்தல் நிறைவேற வேண்டும் என்கிறது. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி பற்றிய கிஷன் சிங் தோமர் வழக்கில், இந்தக் கெடு கட்டாயமானது என்றும், மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் தேர்தல் ஆணையம் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 மே மாதத்தில் மத்தியப் பிரதேசத்தின் சுரேஷ் மகாஜன் வழக்கில், மறுவரையறை முடியவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லக் கூடாது, பழைய வார்டுகளை வைத்தே தேர்தலை நடத்துக என்று ஆணையிட்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 2019 டிசம்பரில் தமிழகத்தின் ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது, புதிய மாவட்டப் பிரிவினையால் பாதிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மட்டும் முதலில் மறுவரையறையை முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. அங்கே தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. மாவட்டங்களையே மாற்றியமைத்துவிட்டு எல்லை வரையாமல் தேர்தலுக்குப் போகக் கூடாது என்பது ஒரு தீர்ப்பு. எல்லை வரைகிறோம் என்று காலம் கடத்தக் கூடாது என்பது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போலத் தெரியும் இரண்டும் அரசுக்கு ஒரே கடமையைச் சொல்கின்றன: எல்லைப் பணியைக் காலத்தில் முடி.

ஒதுக்கீடும் சுழற்சியும்

243டி பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகை விகிதப்படி இடங்களையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களையும் ஒதுக்கக் கட்டளையிடுகிறது. இவற்றைச் சுழற்சி முறையில் வார்டுகளுக்கு ஒதுக்கலாம். எல்லைக் கோட்டின் தந்திரம் இங்கேதான் நுட்பமாக வேலை செய்கிறது. ஒரு தலித் குடியிருப்பின் நடுவே கோட்டைப் போட்டு இரண்டு வார்டுகளில் பிளந்துவிட்டால், இரண்டிலும் அவர்களின் விகிதம் குறைந்து ஒதுக்கீடு அந்தப் பக்கம் வராது. மாறாக, சிறுபான்மை மக்களையோ ஒரு தொழிற்பேட்டையின் தொழிலாளர்களையோ ஒரே வார்டில் அடைத்துவிட்டால், அங்கே பெருவெற்றியும் சுற்றியுள்ள வார்டுகளில் செல்வாக்கின்மையும் மிஞ்சும். பிளப்பதும் அடைப்பதும் ஒரே நோக்கத்தின் இரு கைகள். எண்ணிக்கை மாறும்போது சுழற்சியும் புதிதாகத் தொடங்கும் என்பதால், அடுத்த முறை நம் வார்டுக்கு ஒதுக்கீடு வரும் என்று காத்திருந்தோர் ஏமாறும் வாய்ப்பும் உண்டு.

இடதுசாரி அரசு செய்யும் மறுவரையறையும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. கேரளத்தில், 2011 கணக்கெடுப்பை வைத்து ஏற்கெனவே வார்டு பிரிக்கப்பட்ட சில நகராட்சிகளில் அதே கணக்கெடுப்பின்பேரில் மீண்டும் வரையலாமா என்ற வழக்கு எழுந்தது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ரத்து செய்தார். 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. யார் ஆட்சியில் இருந்தாலும் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே நம் நிலை.

கிளைகள் செய்ய வேண்டியவை

அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்கும் என 2025 ஜூன் 16இல் அறிவிக்கப்பட்டது. அதன் விவரங்கள் வெளியானதும் நாடெங்கும் வார்டு மறுவரையறை அலை எழும். கொல்கத்தாவின் மாமன்றம் 2021 டிசம்பர் 19 அன்று நடந்த தேர்தலில் உருவானது. அதன் ஐந்தாண்டு 2026 இறுதியோடு முடிகிறது. எனவே இரண்டு கோரிக்கைகளை ஒருங்கே முன்வைக்க வேண்டும். தேர்தல் காலத்தில் நடக்க வேண்டும். புதிய கணக்கு வந்ததும் எல்லை நியாயமாக வரையப்பட வேண்டும்.

முதலாவது, கணக்கெடுப்பின்போதே விழிப்பு வேண்டும். தையல் கூடத்திலேயே உறங்கும் தொழிலாளர், துறைமுகக் கூலிகள், வாடகை ஒப்பந்தமில்லாத குடும்பங்கள் எண்ணப்படாமல் போனால், பிறகு எந்த ஆட்சேபணையும் அவர்களை வரைபடத்தில் சேர்க்காது. எண்ணப்படாத மனிதருக்கு எல்லைக் கோட்டில் எடை இல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் வரைபடத்தை வைத்திருக்க வேண்டும். தெரு, வடிகால், ரயில் பாதை, பள்ளி, குடிநீர்க் குழாய், குடியிருப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ரயில் பாதையோ கால்வாயோ இயற்கையான எல்லையாகும் இடம் எது, ஒரே குடியிருப்பைக் கோடு வெட்டும் இடம் எது என்று அப்போது உடனே சொல்ல முடியும்.

மூன்றாவது, வரைவு அறிவிக்கை வெளியான அன்றே அதன் நகலைப் பெற வேண்டும். வார்டு வாரியான மக்கள் தொகையைச் சராசரியோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அநீதி என்று மட்டும் எழுதினால் போதாது. இந்த வார்டில் இத்தனை பேர், அடுத்த வார்டில் இத்தனை பேர், இந்தத் தெருக்களை அங்கே மாற்றினால் இவ்வளவு சமமாகும் என்று மாற்றுத் திட்டமும் தர வேண்டும்.

நான்காவது, ஆட்சேபணையைக் கட்சியின் பெயரில் மட்டும் தராமல், தொழிற்சங்கம், மாதர் அமைப்பு, குடியிருப்போர் நலச் சங்கம் எனப் பலரும் தனித்தனியே தர வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். நேரில் விசாரணை இருந்தால் போய்ப் பேச வேண்டும். இங்கே உருது, வங்கம், இந்தி, தெலுங்கு, தமிழ் எனப் பல மொழி பேசுவோர் ஒரே வடிகாலின் ஓரத்தில் வாழ்கின்றனர். மொழிவாரியாகத் தனித்தனி மனுக்கள் கொடுத்தால் நம்மை ஒருவருக்கெதிராக ஒருவராக நிறுத்துவது எளிது. மனுவின் அடிப்படை வசிப்பிடமாகவும் வாழ்நிலையாகவும் இருக்கட்டும்.

ஐந்தாவது, பரோ குழுவும் வார்டு குழுவும் செயல்பட வேண்டும் என்று கோருங்கள். சென்னையில் 2011இல் 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு 155 வார்டுகள் 200 ஆயின. பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டு, மீதி 93 புதிய பகுதிகளுக்குப் போயின. நகரம் விரியும்போது மக்களுக்கும் மாமன்றத்துக்கும் இடையே உள்ள தூரமும் விரிகிறது. கார்டன் ரீச் தன் தனி நகராட்சியை இழந்தபோது ஏற்பட்ட தூரமும் இதுவே. அதைக் குறைக்க வார்டு மட்டத்தில் அதிகாரம் வேண்டும்.

தோழர்களே, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பது நெடிய போராட்டத்தில் வென்ற உரிமை. சொத்து வரி கட்டுவோர் மட்டுமே நகராட்சிக்கு வாக்களித்த காலம் இந்நகரிலும் இருந்தது. அந்த வேலி தகர்ந்தது. இன்று வாக்கு எல்லோரிடமும் இருக்கிறது. அதன் எடை மட்டும் வரைபடத்தில் கூட்டிக் குறைக்கப்படுகிறது. வரைவு வெளியாகும் நாளில் கையில் கணக்கோடும் வரைபடத்தோடும் நிற்கும் கிளை, நூறு பொதுக்கூட்டங்களால் பெற முடியாததைப் பெற முடியும். அந்தக் கணக்கை இந்த மாதமே எழுதத் தொடங்குவோம்.